டெப் வாங்க முன்னம் கம்பனிக்காரன் எங்கே காசு பார்க்கிறான் என்று பாருங்கள்

டெப்லெட் (டெப்) செய்கிற ஒரு கம்பனி எந்த இடத்தில் லாபம் எடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த டெப்பில் எது குறைவாக இருக்கும் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் அந்த லாபக் கணக்கை அவர்கள் போட்டது அமெரிக்கக்காரனையும் சீனாக்காரனையும் மனதில் வைத்து. பெட்டி கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி கொழும்பு பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும்போது கணக்கில் பாதி கழன்று விழுந்துவிடும், மிச்சம் இருப்பதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அதனால் இங்கே கெமரா எத்தனை மெகாபிக்சல் என்ற கதைக்கு இடம் இல்லை. டெப்பில் படம் எடுக்கிறவர்கள் கலியாண வீட்டில் முன்வரிசையை மறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாமார் மட்டும்தான்.

எனக்குத் தேவை வந்தது அக்காவின் மகளுக்காக. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், கணிதப் பிரிவு, ரியூசன் பாதி சூமில், மிச்சம் நேரில். கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் பிடிஎஃப் ஆக வட்ஸ்அப் குழுவில் வந்து குவிகின்றன, அவற்றை அச்சடிக்கப் போகும் காசுக்கே ஒரு டெப் வாங்கிவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. அத்தான் "ஐபேட் எடுத்துக் குடு, வேற ஒண்டும் யோசிக்காத" என்று முடித்துவிட்டார். மருமகள் மட்டும் "மாமா, அதில பேனாவால எழுத ஏலுமா?" என்று கேட்டாள். மூன்று பேரில் சரியான கேள்வி கேட்டது அவள்தான். பிடிஎஃப்பைத் திறந்து அதன் மேலேயே கணக்கைச் செய்து பார்க்க வேண்டும், இரண்டு மூன்று வருடம் தாங்க வேண்டும், உடைந்தால் கொழும்பிலேயே திருத்த வேண்டும். இவ்வளவுதான் தேவை. இதை வைத்துக்கொண்டு யூனிட்டி பிளாசா, லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு என்று சுற்றினேன், நண்பர்கள் வீட்டு டெப்களையும் வாங்கிப் பாவித்துப் பார்த்தேன்.

முதலில் அமேசனைத் தள்ளிவிடுவோம், அது சுலபம். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வரும் சொந்தக்காரர் "பிளாக் ஃபிரைடேக்கு நல்ல மலிவா விழுந்தது" என்று ஒரு ஃபயர் டெப்பைக் கொண்டுவந்து தருவார். நல்ல மனதோடுதான் தருகிறார். 2011 இல் முதலாவது கிண்டில் ஃபயர் 199 டொலருக்கு வந்தபோது ஐபேட்டின் ஆரம்ப விலை 499. இடைவெளி எங்கிருந்து வந்தது? ஆட்கள் டெப்பை வாங்கும்போது லாபம் வேண்டாம், அதைப் பாவிக்கும்போது வந்தால் போதும் என்பதுதான் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. புத்தகம், படம், அமேசன் கடைச் சாமான் எல்லாம் அந்தத் திரை வழியாக விற்கும், கூடவே பூட்டுத் திரையில் விளம்பரமும் வரும். அமெரிக்காவில் 15 டொலர் கட்டி அந்த விளம்பரத்தை எடுக்கலாம். நல்ல கணக்கு, ஆனால் அமேசனுக்கு இலங்கையில் கடையே இல்லையே! பிரைம் வீடியோ ஓடும், அதைப் போனிலும் பார்க்கலாம். கூகுள் பிளே ஸ்டோர் அதில் கிடையாது, யூடியூப் பார்த்து யாராவது தம்பி நாலு ஃபைலை ஏற்றித் தந்தால்தான் உண்டு. அதாவது விலையைக் குறைப்பதற்குக் காரணமாக இருந்த கடை இங்கே வரவில்லை, விலை குறைந்ததற்காக வெட்டிய குறைகள் மட்டும் பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டன. சின்னப் பிள்ளைக்கு கார்ட்டூன் போட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், உயர்தரத்துக்குச் சரிவராது.

அப்புறம் அப்பிள். இதில்தான் கதை நீளம்.

2010 ஜனவரி 27 ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் முதலில் 999 டொலர் என்று திரையில் காட்டி, அதை உடைத்துப் போட்டு 499 என்று போட்டார். நாடகம் என்று சிரிக்கலாம், ஆனால் அந்த ஒரு இலக்கம் மற்றக் கம்பனிகளை வருடக் கணக்கில் திணறவைத்தது. மோட்டரோலா அடுத்த வருடம் சூம் (Xoom) என்ற டெப்பை 800 டொலருக்குக் கொண்டுவந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிளக்பெரி விட்ட பிளேபுக்கில் விற்பனைக்கு வந்த நாளில் சொந்த ஈமெயில் அப் கூட இல்லை, ஈமெயிலுக்கே பெயர் எடுத்த கம்பனி அது! எச்பியின் டச்பேட் 2011 ஜூலை 1 இல் கடைக்கு வந்து 49 நாளில் கைவிடப்பட்டு, மிச்சம் இருந்ததை 99 டொலருக்குத் தள்ளிவிட்டார்கள், அந்த விலைக்கு மட்டும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இன்றைக்கும் அப்பிளின் வழி அதேதான்: வாசலில் நல்ல விலை, உள்ளே போனபின் ஒவ்வொரு கதவுக்கும் தனிக் கட்டணம். 2025 மார்ச்சில் வந்த சாதாரண ஐபேட், ஏ16 சிப், 128 ஜிபி, 349 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு லட்சத்து ஐயாயிரம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி, அதற்கு மேல் கடைக்காரர் லாபம். சரி, அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் பேனா வேண்டும் என்றால் மிக மலிவான யுஎஸ்பி-சி பென்சில் 79 டொலர், அதிலும் அழுத்தத்துக்கு ஏற்றபடி கோடு தடிக்காது. கீபோர்ட் 249 டொலர். கூட்டிப் பாருங்கள், இந்த இரண்டும் 328 டொலர், கிட்டத்தட்ட இன்னொரு ஐபேட்! 256 ஜிபி வேண்டும் என்றால் மேலும் 100 டொலர், மெமரி கார்ட் போட இடமில்லை. ஐகிளவுட்டில் இலவச இடம் 5 ஜிபி, 2011 இல் தொடங்கியபோதும் 5 ஜிபிதான். அமெரிக்காவில் இதெல்லாம் மாதச் சம்பளத்தில் ஒரு சின்னத் துண்டு, இங்கே ஒவ்வொரு உதிரியும் டொலரால் பெருக்கி, வற்றால் பெருக்கித்தான் காலி வீதிக் கடைகளுக்கு வருகிறது. 2024 நிதியாண்டில் அப்பிள் ஐபேட் விற்று எடுத்தது 26.7 பில்லியன் டொலர், அப் கமிஷன், ஐகிளவுட் போன்ற சேவைகளில் எடுத்தது 96 பில்லியன். டெப்பை யார் எதற்கு விற்கிறான் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

அதற்காக ஐபேட் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கியபின் வருடக் கணக்கில் அப்டேட் வரும். 2020 இல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேட்டுக்கு 2025 இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 கிடைத்தது, அன்ட்ரொய்டில் அந்த விலைக்கு அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். குறிப்பு எழுதும் அப்களின் தரமும் அங்கேதான் கூட. இன்னொன்றையும் கவனித்தேன், அது அப்பிள் நமக்கென்று செய்ததல்ல: மலிவு ஐபேட்டில் மேல் கண்ணாடியும் கீழே உள்ள திரையும் ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை. பேனாவால் எழுதும்போது நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும், வெளிநாட்டு விமர்சகர்கள் எல்லாரும் இதைப் பெரிய குறையாக எழுதுவார்கள். ஆனால் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், ஐபேட் எயாரில் முழுத் திரையும் போக வேண்டும். பஸ்ஸில் நசுங்கியபடி பம்பலப்பிட்டிக்கு ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

பழைய ஐபேட் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. 2022 இல் வந்த பத்தாம் தலைமுறைக்கு யுஎஸ்பி-சி துளை, ஆனால் அது வெளிவந்தபோது பொருந்திய பென்சிலில் இருந்தது அப்பிளின் பழைய லைட்னிங் செருகி, ஆக பென்சிலைச் சார்ஜ் பண்ண நடுவில் ஒரு சின்ன இணைப்பான் வேண்டும். அதன் ஆரம்ப ஸ்டோரேஜும் 64 ஜிபி. கடையில் "புது மொடல் அண்ணா, டிசைன் ஒண்டுதான்" என்று இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றுதான், உண்மை. உள்ளே சிப்பும் வேறு, இடமும் வேறு.

சாம்சங்கின் தந்திரம் இதற்கு நேரெதிர். ஏதோ ஒரு விலையில் எங்கள் டெப் இல்லாமல் இருக்கக்கூடாது என்பது அவர்களின் பிடிவாதம். திரையும் மெமரியும் தாங்களே செய்கிறார்கள், செய்வதை எதிரிக்கும் விற்கிறார்கள். 2024 இல் வந்த ஐபேட் ப்ரோவின் ஓலெட் திரை சாம்சங் டிஸ்பிளேயும் எல்ஜியும் கொடுத்தது, அதாவது பக்கத்துக் கடையில் ஐபேட் விற்றாலும் சாம்சங் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். இத்தனைக்கும் 2011 இல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், கலக்ஸி டெப் 10.1 ஜெர்மனியில் தடை வரைக்கும் போனது. இங்கிலாந்தில் வழக்குக் கேட்ட நீதிபதி, சாம்சங் டெப் அப்பிள் அளவுக்கு "கூல்" இல்லை, ஆகவே யாரும் இரண்டையும் மாற்றி எண்ண மாட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அழகு குறைவு என்பதற்காக வழக்கில் வென்ற கம்பனி வேறு எங்கும் இருக்குமோ தெரியாது. ஜொப்ஸும் சும்மா இருக்கவில்லை, 7 அங்குல டெப்களோடு விரலைத் தேய்க்க அரத்தாளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2010 இல் நக்கலடித்தார். அவர் இறந்து ஒரு வருடம் கழித்து 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி வந்தது.

நமக்கு முக்கியம் பேனா. 2012 இல் கலக்ஸி நோட் 10.1 வந்த காலத்தில் இருந்தே, எஸ் பென்னைப் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுப்பது சாம்சங்கின் வழக்கம். இன்றைக்கும் டெப் எஸ் வரிசையில் அப்படித்தான். அந்தப் பேனாவுக்குச் சார்ஜ் தேவையில்லாமலே எழுதலாம், அழுத்தத்துக்கு ஏற்றபடி கோடும் தடிக்கும். 2025 இல் வந்த டெப் எஸ்10 லைட் அமெரிக்காவில் 350 டொலர், ஐபேட்டின் விலையேதான், ஆனால் பேனா உள்ளே. மெமரி கார்ட் போடும் இடமும் உண்டு, யூனிட்டி பிளாசாவின் எந்தக் கடையிலும் கார்ட் வாங்கலாம். சிப் ஐபேட்டைவிட மெதுவானது, அதை மறைக்க முடியாது. பெரிய கேம் விளையாடுகிற பிள்ளைக்குத் தெரியும், சூமும் பிடிஎஃப்பும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்து எழுதுகிற பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான் கையில் எடுத்துப் பார்த்தபோது எழுத்து ஒரு கணம் பின்னால் வந்தது, இரண்டு பக்கம் எழுதியபின் கை பழகிவிட்டது.

ஆனால் இதே கம்பனி ஏ வரிசையையும் விற்கிறது. ஏ9 பிளஸ் மாதிரியானவை. அதற்கு எஸ் பென் வேலை செய்யாது. கடைக்காரரிடம் பேனா கேட்டால் நுனியில் ரப்பர் வைத்த ஒன்றை "இதுவும் எழுதும் அண்ணா" என்று இலவசமாகத் தருவார், எழுதும்தான், நெற்றியில் விபூதி பூசுகிற மாதிரி. இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது: டெப் எஸ்6 லைட். 2020 இல் வந்தது, பிறகு 2022 இலும் 2024 இலும் அதே பெயரில், கிட்டத்தட்ட அதே உடம்பில், உள்ளே சிப்பை மட்டும் மாற்றி விட்டார்கள். புது டிசைனுக்குச் செலவழிக்காமல் ஒரே அச்சில் மூன்று தடவை விற்கிற வியாபாரம் கம்பனிக்கு நல்லது, நமக்குத்தான் தலையிடி. பெட்டியின் பின்பக்கம் மொடல் இலக்கத்தைப் பாருங்கள்: பி610 அல்லது பி615 என்றால் 2020, பி613 அல்லது பி619 என்றால் 2022, பி620 அல்லது பி625 என்றால் 2024. ஒரு கடையில் 2020 பெட்டியை 2024 இன் விலைக்குச் சொன்னார்கள். இலக்கத்தைக் காட்டிக் கேட்டதும் "ஓ, அது பழைய ஸ்டொக் போல" என்று உள்ளே எடுத்துப் போனார்கள், கடையின் பெயர் வேண்டாம், அந்தக் கடை மட்டுமா அப்படி.

ஷாவ்மியின் வழி வேறு. ஹார்ட்வெயாரில் நிகர லாபம் 5 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று 2018 இல் கம்பனித் தலைவர் லெய் ஜுன் வாக்குக் கொடுத்தார். அப்படியென்றால் காசு வேறு எங்கோ வர வேண்டும், கம்பனியின் சொந்த அப்களுக்குள்ளே வரும் விளம்பரம் அந்த வழிகளில் ஒன்று. செட்டிங்கில் தேடித் தேடிப் பெரும்பாலானதை நிறுத்தலாம், பொறுமை வேண்டும். திரை, ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் கொடுக்கும் காசுக்கு மேல். வெறுமனே படம் பார்க்க, சூம் கேட்க என்றால் ரெட்மி பேட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பேனா தனியாக வாங்க வேண்டும், அது எந்த மொடலுக்குப் பொருந்தும் என்பதைக் கடைக்காரருக்கும் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

ஹுவாவி மேட்பேடைக் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. ஆனால் 2019 மே மாதம் அமெரிக்கா தடைப் பட்டியலில் போட்டதில் இருந்து அதன் புது மொடல்களில் கூகுள் சேவைகள் இல்லை. பிள்ளையின் ஆசிரியர் கூகுள் கிளாஸ்ரூமில் பாடம் போடுகிறார் என்றால் ஒவ்வொரு தடவையும் சுற்றுவழி. சீனாவுக்குள் அது குறையே இல்லை, அங்கே கூகுளை யார் தேடுகிறார்கள்.

கூகுளையும் சும்மா விடக்கூடாது. 2012 இல் நெக்சஸ் 7 ஐ 199 டொலருக்கு விட்டு எல்லாரையும் ஆசைகாட்டி, 2019 இல் இனி டெப் செய்வதில்லை என்று கையைக் கழுவி, 2023 இல் பிக்சல் டெப்லெட் என்று திரும்ப வந்தது. பெரிய திரைக்கென்று அன்ட்ரொய்டைச் சீர்செய்த 12எல் பதிப்பே 2022 இல்தான். வீட்டுக்காரனே டெப்பைக் கவனிக்காதபோது அப் செய்கிறவர்கள் ஏன் கவனிக்கப் போகிறார்கள்? இன்றைக்கும் சில அப்கள் போன் திரையை இழுத்து நீட்டியது போலவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் விஷயத்தில் மட்டும் கூகுள் பக்கம் ஒரு படி மேல். ஐபேட்டில் தமிழ்99 உம் அஞ்சலும் 2013 இல் ஐஓஎஸ் 7 வந்ததில் இருந்து உள்ளேயே இருக்கின்றன, தட்டெழுத நல்லது. ஆனால் அன்ட்ரொய்டில் மைக்கை அழுத்தித் தமிழில் சொன்னால் எழுதிவிடும், விரலால் கிறுக்கினாலும் எழுத்தாக மாற்றும். எந்த டெப்பும் தீர்க்காத தலையிடி பாமினிதான். சில ஆசிரியர்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் வேர்ட் ஃபைலாக நோட்ஸ் அனுப்புகிறார்கள், டெப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஏதோ மந்திரம் போலக் கிடக்கும். சேர், தயவுசெய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கடைகளைப் பற்றி. கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் நிதானமாகக் கதைக்கலாம், எடுத்துத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். போன் கடைகள் நெருக்கியிருக்கும் லிபர்ட்டி பிளாசாவில் விலை கொஞ்சம் இறங்கும், பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம். புறக்கோட்டையில் பெயர் தெரியாத டெப்கள் "12 ஜிபி ரேம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தொங்கும், அந்தப் பன்னிரண்டில் பெரும்பகுதி ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிக் கணக்குக் காட்டுவது, அந்தப் பக்கமே போகாதீர்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்று. ஒரு கடைக்கார நானாவிடம் கேட்டேன், "நானா, இது கம்பனி வாரன்டியா, கடை வாரன்டியா?" அவர் சிரித்துக்கொண்டே "கடை வாரன்டிதான், ஆனா ஒண்டும் வராது" என்றார். ஒன்றும் வராது என்றால் எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? உத்தியோகபூர்வ விற்பனையாளரிடம் விலை கூட, ஆனால் திரையில் கோடு விழுந்தால் யாரிடம் போவது என்று தெரியும். சிம் போடும் டெப் என்றால் அதன் அடையாள இலக்கமான ஐஎம்இஐ இலக்கத்தை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள். பிள்ளைக்கு சிம் டெப் வேண்டியதில்லை என்பது என் கருத்து, போனின் ஹொட்ஸ்பொட் போதும், மிச்சக் காசுக்கு நல்ல உறை ஒன்று வாங்கலாம்.

கடைசியில் மருமகளுக்கு எஸ்10 லைட். பேனா உள்ளே வந்ததுதான் முதல் காரணம், கம்பனி வாரன்டி இரண்டாவது. அத்தானுக்கு இன்னும் மனம் ஆறவில்லை, "ஐந்து வருஷம் கழிச்சுப் பார், ஐபேட் ஓடும், இது ஓடாது" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. மருத்துவம், கட்டடக்கலை என்று பல்கலைக்கழகத்தில் நாலைந்து வருடம் இழுக்கப் போகிற பிள்ளை என்றால், பென்சில் காசையும் சேர்த்து வைத்துவிட்டு ஐபேட்டையே எடுப்பேன். கீபோர்ட் மட்டும் அப்பிளுடையது வேண்டாம், சாதாரண புளூடூத் கீபோர்ட் அந்த விலையில் ஒரு துளிதான்.

பாவித்த ஐபேட் தேடுகிறவர்களுக்கு ஒன்று. காசு கொடுக்கும் முன், விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் அப்பிள் கணக்கில் இருந்து வெளியேறி, முழுதாக அழித்து, புதுசாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். "பாஸ்வேர்ட் மறந்துட்டன் அண்ணா, பிறகு வட்ஸ்அப்ல அனுப்புறன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.